முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய கார்

புது கார் வாங்கலாமா பழசு வாங்கலாமா என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், வீடு முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுதான் கேட்பேன். கடலூர் புதுச்சேரி சாலையில் தினம் போய்வருகிறவர்களுக்கு இது புரியும். வரிசையாகப் பெட்ரோல் பங்க், அதைவிட நீளமான வரிசையில் வேறு கடைகள், அவ்வளவுதான் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் எல்லை. ஆனால் ஒரே வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. இதெல்லாம் தெரியாமல்தான் 2025 ஜூன் மாதம் தேட ஆரம்பித்தேன், முடிக்கும்போது நவம்பர் ஆகிவிட்டது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வீடு செம்மண்டலம் பக்கம், வேலை முதலியார்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. போக இருபது, வர இருபது கிலோமீட்டர். பன்னிரண்டு வருடமாக பஸ், இடையில் மூன்று வருடம் ஸ்கூட்டி. தவளக்குப்பம் தாண்டி ஒரு நாள் மணல் லாரி ஒன்று கைப்பிடியை உரசுகிற மாதிரி போனதிலிருந்து ஸ்கூட்டியை எடுப்பதில்லை. வீட்டுக்காரர் ஷார்ஜாவில். மாமியாருக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மாதா மாதம் காட்ட வேண்டும், ஆட்டோவில் அவ்வளவு தூரம் குலுங்கிப் போவது அவருக்கு ஆகாது. பையன் எட்டாம் வகுப்பு. நான் டிரைவிங் ஸ்கூலில் இருபத்தொரு நாள் ஓட்டி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேன், அதை பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரருக்குப் புது கார்தான். பேச்சே கிடையாது. "நான் இங்க வெயில்ல கிடக்கிறது எதுக்கு, அடுத்தவன் ஓட்டித் தள்ளின வண்டியில நீ போறதுக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அது காரைப் பற்றிய கேள்வி இல்லை. என் அண்ணனுக்கு நேர் எதிர் கட்சி. புது வண்டி எடுப்பவர்கள் எல்லாம் ஷோரூமுக்கு மொய் எழுதுகிறவர்கள் என்பது அவன் கருத்து. அவன் இதுவரை நான்கு கார் வாங்கி விற்றிருக்கிறான், நான்கும் பழசு, அதில் இரண்டைப் பற்றிப் பேசினால் கோபம் வரும்.

நான் கணக்குப் பிரிவு ஆள் என்பதால் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். பையனின் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கம் காலியாக இருந்தது.

மாதம் எவ்வளவு ஓடும் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். வேலைக்கு மாதம் பன்னிரண்டு நாள் கார் (மற்ற நாளில் பஸ்தான், மழைக்காலத்தில் பார்க்கலாம்), ஆஸ்பத்திரி, பண்ருட்டியில் அம்மா வீடு, எப்போதாவது சிதம்பரம். 700 கிலோமீட்டர் தாண்டவில்லை. லிட்டருக்கு 18 கிடைத்தால் 39 லிட்டர். அதையும் முள்ளோடையில் போட்டால் கடலூரைவிட லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் மிச்சம். இந்த ஓட்டத்துக்கு டீசல், சி.என்.ஜி. எல்லாம் யோசிக்கவே வேண்டாம், ஒரு சின்ன பெட்ரோல் கார் போதும். வேகன் ஆர் மாதிரி உயரமானது, மாமியார் குனியாமல் ஏறி இறங்க வேண்டும். இது முடிவானதும் பாதி குழப்பம் தீர்ந்தது. நிறையப் பேர் இந்தப் பக்கத்தை எழுதாமலே ஷோரூமுக்குப் போய், அங்கே இருக்கிற பையன் காட்டுகிற பெரிய வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் தூக்கம் வராமல் கிடக்கிறார்கள்.

இரண்டாவது பக்கம் புது வண்டி. ஷோரூம் விலை ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 2023 நவம்பரில் ஏறியது. அதற்கு முன்னால் பத்து லட்சம் வரை 10 சதவீதம். இப்போது ஐந்து லட்சம் வரை 12, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20. ஆக என் ஐந்தரை லட்சத்துக்கு வரி மட்டும் 71,500 ரூபாய். இந்த எழுபத்தொன்றாயிரத்து ஐந்நூறு வண்டியில் எந்த இடத்திலும் தெரியாது, விற்கும்போது யாரும் தனியாகத் திருப்பித் தரமாட்டார்கள். அதோடு இன்சூரன்ஸ், அதில் மூன்றாம் நபர் காப்பீடு புது காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், மிதியடி, மண் படாமல் தடுக்கும் ஃபிளாப் என்று அவர்களாகவே சேர்க்கிற சில்லறை. ஆன்ரோடு ஆறு லட்சத்து அறுபது பக்கம் போய் நின்றது.

கையில் இரண்டு லட்சம். பாக்கி 4,60,000 கடன், 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாத டியூ 9,550. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம். அந்த ஐந்து வருடம் முடியும்போது இன்சூரன்ஸ்காரர்கள் பார்வையில் வண்டியின் மதிப்பு பாதி. இது நான் சொல்வதில்லை, பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒன்று போடுகிறார்களே, அதற்கு ஒரு தேய்மானப் பட்டியல் இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. கம்பெனியில் மெஷினுக்குத் தேய்மானம் போடும்போது கை நடுங்காது, சொந்தக் காசுக்குப் போடும்போது நடுங்குகிறது.

இதை எழுதி முடித்தபோது பழசுதான் என்று எனக்கே முடிவாகிவிட்டது. அடுத்த பக்கங்களில்தான் அந்த முடிவு ஆட்டம் கண்டது.

முதலில் பார்த்தது புதுச்சேரி வண்டி, பி.ஒய். 01. வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றது, 2021 மாடல், கேட்ட விலை மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதே வருடத்து டி.என். 31 வண்டி கடலூரில் அதைவிட நாற்பது ஐம்பதாயிரம் கூட. அண்ணன் உடனே அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னான். புதுச்சேரியில் வாகன வரி குறைவு, அதனால் அங்கே பதிவான வண்டியை அங்கேயே இருப்பவர் வாங்கினால் லாபம்தான். இந்தப் பக்கம் இருக்கும் நான் வாங்கினால்? மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். அதற்கு மேல் இங்கேயே வைத்து ஓட்ட வேண்டுமென்றால் அங்கே என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கு ஏற்ப தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்த நாற்பதாயிரம் இதிலேயே போய், மேலே அலைச்சலும் சேரும்.

"இன்னாத்துக்கு மாத்தணும்? கடலூர்ல பாதி வண்டி பி.ஒய்.தான் ஓடுது" என்றான் அண்ணன். உண்மைதான், ஓடுகிறது. அத்தை வீட்டு முகவரி, வாடகை ஒப்பந்தம் என்று ஏதோ ஒரு காகிதத்தை வைத்துத்தான் ஓடுகிறது. 2017ல் இதே மாதிரி புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த சொகுசு கார்களைப் பிடித்துக் கேரளாவில் வழக்கே போட்டார்கள். என் சின்ன காரை யாரும் தேடி வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஒவ்வொரு முறை யூனிஃபார்ம் போட்டவரைப் பார்க்கும்போதும் வயிற்றில் ஒன்று புரளுமே, அதற்கு நோட்டில் எந்தப் பக்கத்தில் செலவு எழுதுவது? ஏற்கெனவே ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள், அது போதும்.

அந்த வண்டியை வேண்டாமென்று சொல்ல வைத்தது அதுகூட இல்லை. எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக், எல்லாருக்கும் அவர் பாய்தான், அவரைக் கூட்டிப் போயிருந்தேன். ஐந்நூறு ரூபாயும் டீயும். இதைவிட நல்ல செலவு இந்த ஆறு மாதத்தில் நான் செய்யவில்லை. பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராகக் குனிந்து, டிரைவர் கதவின் கீழ் விளிம்பில் விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போனார். டொக் டொக் என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் பொத்தென்று வந்தது. பெயிண்ட் அங்கே கொப்பளம் மாதிரி லேசாக எழும்பியிருந்தது, பார்த்தால் தெரியாது, தடவினால் தெரிந்தது. நகத்தை வைத்து அழுத்தினார், பெயிண்டோடு பழுப்புத் தூள் உதிர்ந்தது. "கடல் காத்தும்மா. நாலு கதவும் இப்படித்தான் இருக்கும். மேல பெயிண்ட் அடிச்சா ஒரு வருஷம் நிக்கும்" என்றார். வைத்திக்குப்பத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். நான்கு வருடமாக வாசலில் திறந்த வெளியில் உப்புக்காற்றில் நின்ற வண்டி. விற்கிறவர் பொய் சொல்லவில்லை பாவம், அவருக்கே தெரிந்திருக்காது. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் என்று கரையோரம் நிற்கிற எந்த வண்டிக்கும் இதே கதைதான், ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருப்பதை வைத்து ஏமாறக்கூடாது.

அடுத்தது விழுப்புரம் போகும் சாலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் டீலர். பேர் வேண்டாம். கண்ணாடி அறை, ஏ.சி., வாசலில் வரிசையாகப் பளபளவென்று இருபது வண்டி. 2022 மாடல், இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர், சென்னை வண்டி, சிங்கிள் ஓனர், நான்கு லட்சத்து அறுபதாயிரம். உட்கார்ந்ததும் நல்ல வாசனை. கொஞ்சம் அதிகமாகவே நல்ல வாசனை. அங்கே இருந்தவர் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை, கூட வந்த அண்ணனைப் பார்த்தே பேசினார். பணம் கொடுக்கப்போவது நான், ஓட்டப்போவது நான், கேள்வி கேட்பதும் நான், பதில் மட்டும் அண்ணனுக்குப் போகிறது.

அப்புறம் ஜி.எஸ்.டி.க்கு வந்தார். "சார், பழைய காருக்கும் இப்ப பதினெட்டு பர்சென்ட் ஆக்கிட்டாங்க, அதனாலதான் விலை" என்றார். அங்கே நான் வாயைத் திறந்தேன். 2025 ஜனவரியிலிருந்து பழைய கார் விற்கும் டீலருக்கு 18 சதவீதம் என்பது சரிதான், ஆனால் அது முழு விலைக்கு இல்லை, அவருக்குக் கிடைக்கும் வித்தியாசத்துக்கு மட்டும். நான்கு இருபதுக்கு வாங்கி நான்கு அறுபதுக்கு விற்றால் நாற்பதாயிரத்துக்குத்தான் வரி, 7,200 ரூபாய். நாமே ஒருவரிடமிருந்து நேராக வாங்கினால் அதுவும் கிடையாது. இதைச் சொன்னதும் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

பாய் அதற்குள் பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக நாம் இழுக்கிற அளவு இல்லை, கடைசி வரை, இதற்கு மேல் வராது என்று அது நிற்கும் வரை. அந்தக் கடைசி ஒரு முழம் பெல்ட் வேறு நிறமாக இருந்தது. கறுப்பு பெல்ட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் துணி விறைப்பாக, கஞ்சி போட்ட மாதிரி. பாய் ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கச் சொல்லி அந்தக் குழியில் மூலையைத் தடவினார், விரல் நுனியில் மாவு மாதிரி வண்டல். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஒன்று இருக்குமே, அதன் போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. மூன்று வருட வண்டியில் வெளியே ஒரு கீறல் இல்லை, சீட்டுக்கு அடியில் துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை ஆயிரம் கார் முழுகி நின்றதோ, அதில் ஒன்றாக இருக்கலாம். டீலரிடம் கேட்டால், "வாட்டர் வாஷ் பண்ணினது சார்" என்கிறார், மறுபடியும் அண்ணனைப் பார்த்து.

சென்னையை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரில் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் வந்து தென்பெண்ணை கரைபுரண்டதில் கடலூர்ப் பக்கமும் அதே நிலை. அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயிருக்கும்? கொஞ்சம் பழைய இரும்புக்குப் போயிருக்கும், மீதி கழுவித் துடைத்து வாசனை அடித்து எங்கேயோ ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே நிற்கும். அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பாய் செய்ததைச் செய்யுங்கள், பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தரை விரிப்பைத் தூக்கிக் கீழே இருக்கிற பஞ்சை அழுத்துங்கள். ஹெட்லைட்டுக்குள் பனி மாதிரி மூடியிருக்கிறதா பாருங்கள். வண்டியின் நான்கு கண்ணாடியிலும் மூலையில் சின்னதாக வருடக் குறி இருக்கும், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. டயரில் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும். இருபதாயிரம்தான் ஓடியது என்று சொல்லிவிட்டு நான்கு டயரும் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

(தண்ணீரில் முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் அது வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். புதுசோ பழசோ, இந்தக் கரையில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.)

இந்தச் சமயத்தில்தான் செப்டம்பர் 22 வந்தது. நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28ம் அதன் மேல் ஒரு சதவீதம் செஸ்ஸும் இருந்தது, மொத்தமாக 18 ஆனது. கணக்குப் போட்டால் ஷோரூம் விலையில் எட்டரை சதவீதம் குறைகிறது. நான் மேலே எழுதிய ஐந்தரை லட்சம் அந்தக் குறைந்த விலைதான், அதற்கு முன்னால் ஆறு லட்சம். வீட்டுக்காரர் அன்று ராத்திரியே கூப்பிட்டு, "இப்ப என்ன சொல்ற?" என்றார். என்ன சொல்வது? புதுசு ஐம்பதாயிரம் இறங்கியிருக்கிறது, பழசு விற்பவர்கள் ஒருவரும் ஒரு ரூபாய் இறக்கவில்லை. இரண்டு மூன்று வருட வண்டிக்கு நான்கே முக்கால், ஐந்து என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி 13, 14 என்கிறது வங்கி, புதுசுக்கு 9. இந்த நிலைமையில் இரண்டு வருடப் பழசு வாங்குவதில் அர்த்தமே இல்லை, புதுசே எடுத்துவிடலாம், இதை அண்ணனிடமும் சொன்னேன், அவன் மூன்று நாள் பேசவில்லை.

அது தவிர எத்தனால் பிரச்சினை வேறு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன, அதற்கு முந்தையவை அப்படி இல்லை. பங்கில் இப்போது கிடைப்பது இந்தப் பெட்ரோல்தான். மைலேஜ் பழைய வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது, சில ரப்பர் பாகங்களை ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டிவரும் என்பதும் அதிலேயே உண்டு. பாயிடம் கேட்டேன். "ரப்பர் ஓஸ் மாத்தினா ரெண்டாயிரம் ரூவா. அதுக்காக ஆறு லட்ச ரூவா வண்டி வாங்குவியா நீ?" என்றார்.

அண்ணன் நடுவில் ஒரு ஃபிகோ கொண்டுவந்தான், 2018 மாடல், இரண்டரை லட்சம், ஓட்டினால் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது, கனமான கதவு. ஃபோர்டு 2021ல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது, மறைமலை நகர் ஆலையும் மூடியாகிவிட்டது, விலை அதனால்தான் இவ்வளவு மலிவு. வண்டியைப் பற்றித் தெரிந்த, கையில் சாமான் பெட்டி வைத்திருக்கிற ஆளுக்கு அது நல்ல வேட்டை. எனக்கு இல்லை. பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஐந்து வருடப் பழசு, ஆறு வருடப் பழசு என்று போனால்தான் கணக்கு நிற்கிறது என்று நோட்டின் இருபத்தியோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பாதி விலையை முதல் ஓனர் ஏற்கெனவே விழுங்கியிருப்பார், ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று பதினைந்து வருடத்துக்கு இருப்பதால் இன்னும் ஒன்பது பத்து வருடம் பாக்கி, ஆயுள் வரி கட்டியாகிவிட்டது. தமிழ்நாட்டு வண்டியாக இருக்க வேண்டும், கடலிலிருந்து தள்ளி நின்றிருக்க வேண்டும், முழுகியிருக்கக் கூடாது. இப்படி ஒரு வண்டி எங்கே கிடைக்கும் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தபோது விருத்தாசலத்திலிருந்து வருகிற ஒரு அக்கா, "நெய்வேலியில பாரு" என்றார் ஒரே வார்த்தையில்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்னும் புரியவில்லை. என்.எல்.சி.யில் ரிட்டயர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், மகனோ மகளோ இருக்கும் ஊருக்குப் போகிறார்கள், போகும்போது காரை விற்கிறார்கள். ஊர் கடலிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே. டவுன்ஷிப்புக்குள் மரத்தடியில் நின்று, காலையில் மார்க்கெட், மாலையில் கோயில் என்று ஓடிய வண்டிகள்.

அப்படிப் போய்ப் பார்த்ததுதான் இப்போது என் வாசலில் நிற்கிறது. 2020 கடைசியில் எடுத்த வேகன் ஆர், பி.எஸ். 6, டி.என். 31, முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். அந்தப் பெரியவர் எங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, ஒரு ஃபைலும் ஒரு நீளமான டைரியும் கொண்டுவந்து வைத்தார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். சர்வீஸ் பில் வரிசையாக. 2022 ஆகஸ்டில் ஒரு வரி: "கேட்டில் இடித்தது, இடது முன் பக்கம், ரூ. 4,200, என் தவறு." பாய் அந்த இடது முன் பக்கத்தைப் பார்த்தார், பெயிண்ட் லேசாக வித்தியாசம், சரியாக அங்கேதான். விற்கிறவர் தன் தப்பைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிற வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தாலும் பெல்ட்டை இழுத்தோம், ஸ்டெப்னி குழியைத் தடவினோம், காலையில் இன்ஜின் சூடாகாமல் இருக்கும்போது நாங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பில்லில் இருந்த கிலோமீட்டரை எல்லாம் மொபைலில் படம் எடுத்து அடுக்கினேன், ஏறுவரிசையில் சரியாக இருந்தது. பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எது வரை என்பதெல்லாம் வந்துவிடும், அபராதம் பாக்கியை இ-சலானில் தனியாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நான்கு முப்பது கேட்டார், நான்கு இருபதுக்கு முடிந்தது. பேரம் பேசியது நான், அவர் மனைவியிடம். அந்த அம்மாதான் அந்த வீட்டில் முடிவெடுப்பவர் என்று மோர் குடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

கையில் இருந்த இரண்டு லட்சம் போக 2,20,000 கடன். வங்கியில் 13 சதவீதம், மூன்று வருடம், மாதம் 7,400. வட்டி மொத்தம் நாற்பத்தேழாயிரம் வருகிறது, புது வண்டியின் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்தோடு வைத்துப் பாருங்கள். நகையை வைத்தால் வட்டி குறையும் என்றேன், மாமியார் விடவில்லை, ஓடுகிற பொருளுக்காகப் பெட்டியில் இருக்கிற பொருளை வெளியே அனுப்பக்கூடாதாம். கணக்குப்படி அது தவறு. எதிர்த்துப் பேசவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவருக்காக அந்த 9,550க்கும் 7,400க்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாம் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. கடைசியில் சொன்னது வேறு: "ஏங்க, எனக்கு இன்னும் ரிவர்ஸ் ஒழுங்கா வரல. புது வண்டி எடுத்து முதல் வாரமே நான் கேட்டில் இடித்தால் நீங்கள் அங்கிருந்து என்ன பேசுவீர்கள்?" அதற்குச் சிரித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேர் மாற்றம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பணம் கொடுத்து சாவி வாங்கியதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபாரம் 29, 30 இரண்டும் நிரப்பிக் கையெழுத்து போட்டு, விற்றவர் பதினான்கு நாளுக்குள், வாங்கியவர் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ சட்டத்தின் கண்ணில் அவர்தான் ஓனர், நாளைக்கு ஒரு விபத்து என்றால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். பெரியவர் இதில் என்னைவிடத் தீவிரமாக இருந்தார், ஒன்பதாவது நாளே கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் நம் பேருக்கு மாற்ற வேண்டும். அவருக்குக் கிளெய்ம் இல்லாத சலுகை சேர்ந்திருந்தது, அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், நமக்குப் பிரீமியம் கூடும். எனக்கு ஆறாயிரம் சொச்சம் கூடியது, இது நோட்டில் இல்லாத செலவு. பேட்டரி மாற்றினேன், நான்காயிரத்து எண்ணூறு. பாய் சொன்ன ஓஸ் மாற்றினேன். முன் இரண்டு டயர் அடுத்த வருடம்.

மாமியார் புது வண்டிக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றார். திருவந்திபுரம் போய் மாலை, பூசணிக்காய், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் பூஜைக்கு நின்ற ஒரு புத்தம் புது வண்டிக்காரர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஓட்டியாயிற்று. லிட்டருக்கு 17 தருகிறது, நான் எழுதியது 18. பெரியவர் டைரியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார், அதில் பாதிப் பக்கம் காலியாக இருந்ததால் நானும் அதிலேயே எழுதுகிறேன். மூன்றாவது வாரம் ஒரு வரி இருக்கிறது: "கேட்டில் உரசியது, வலது பின் கதவு, என் தவறு." ரூபாய் என்ற இடம் காலி. பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க பாய் மூவாயிரத்து ஐந்நூறு கேட்டார், இன்னொரு தடவை இடித்த பிறகு சேர்த்துச் செய்யலாம் என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.